துண்டுக்குள் போன முட்டத்து ஏலம்

ஆரல்வாய்மொழியில் காற்று பலமாக இருக்கும் என்று எல்லோரும் சொல்லித்தான் அனுப்பினார்கள். அந்தக் காற்று பஸ்ஸின் கித்தான் திரையைக் கிழித்துக்கொண்டு என் மடிக்கே வந்துவிடும் என்று ஒருவரும் சொல்லவில்லை. என் மகள் தயாவுக்கு இடது காதில் சீழ். பஞ்சு வைத்து, மேலே கம்பளிக் குல்லாய் போட்டு, அதற்கும் மேலே என் முந்தானையைச் சுற்றியிருந்தேன். குழந்தை மூச்சு விடுகிறாளா என்று அடிக்கடி விலக்கிப் பார்ப்பேன், விலக்கினால் காற்று புகும், உடனே மூடுவேன். பக்கத்தில் இருந்த பெரியவருக்குப் பொறுக்கவில்லை.

"மூடுதியா தொறக்கியா, ஏதாவது ஒண்ணைச் செய்யி தாயி. புள்ளை என்ன டிரங்குப் பெட்டியா?" என்றார்.

பாளையங்கோட்டையை விட்டு நெய்யூர் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட நிமிஷம் முதல் எனக்கு இரண்டு மனம். இன்னும் முன்னாலேயே வந்திருக்க வேண்டுமோ? அல்லது என் கணவருக்குப் பள்ளிக்கூடத்தில் லீவு கிடைக்கும் வரை பொறுத்திருக்க வேண்டுமோ? அவர் பஸ் ஏற்றிவிடும்போது, "காதுதானே, கிருபா" என்றார். பிறகு தாமே பஸ்ஸுக்குப் பின்னால் கொஞ்ச தூரம் ஓடிவந்து, "காற்றுப் படாமல் பார்த்துக்கொள்" என்றார்.

திருவிதாங்கூர் எல்லைச் சுங்கச் சவுக்கையில் எல்லோரையும் இறக்கிப் பெட்டிகளைத் திறக்கச் சொன்னார்கள். அதிகாரி மலையாளத்தில் ஏதோ கேட்டார். எனக்குப் புரியவில்லை. பெரியவர்தான் மொழிபெயர்த்தார்: புகையிலை உண்டா என்று கேட்கிறாராம். தயாவின் காது மருந்துப் புட்டியை அதிகாரி முகர்ந்து பார்த்து, முகத்தைச் சுளித்து, பயபக்தியோடு திருப்பிக் கொடுத்தார். அதன் பிறகு எங்கள் ஊர்க் காசு செல்லும் இடத்தைவிட அதைத் திருவிதாங்கூர் நாணயமான சக்கரமாக மாற்றித் தருகிறேன் என்பவர்களே வழி நெடுக அதிகம். மலையைத் தாண்டி ஒரு மணி நேரம் வந்ததற்கே வேறு தேசம்!

நாகர்கோவிலில் இறங்கியதும் என் டிரங்குப் பெட்டியை ஒருவன் பிடுங்கினான். படுக்கையை இன்னொருவன் பிடுங்கினான். மூன்றாமவன் குழந்தைக்கே கை நீட்டினான். மூவரும் வெவ்வேறு பஸ்ஸின் ஆட்கள்.

"அம்மா, அவனுக்க வண்டி பாலத்துல நின்னு போவும். இதுல கேறுங்க!"

"ஒனக்க வண்டிக்கு பிறேக்கு உண்டாலே? பிள்ளையுள்ள அம்மையக் கேத்த வந்துட்டான்!"

நான் வாய் திறக்காமலே கட்டணம் குறைந்துகொண்டு வந்தது. கடைசியில் ஒருவன் கருப்பட்டிக் காப்பியும் வாங்கித் தருவதாகச் சொன்னான். சென்னையில் பி.ஏ. வகுப்பில் போட்டி என்பதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அது என் பெட்டியை இழுத்தது அன்றைக்குத்தான். என்னை அழைத்துப் போக வந்த அத்தான், அதாவது என் அக்கா ஞானத்தின் கணவர், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து சேர்வதற்குள் பெட்டி ஒரு பஸ்ஸிலும் நான் ஒரு பஸ்ஸிலும் இருந்தோம். இரண்டு பஸ்களும் ஊதிக்கொண்டிருந்தன.

நெய்யூரில் டாக்டர் காதைக் கழுவி, மருந்து விட்டு, ஒரு வாரம் கழித்துக் கொண்டுவரச் சொன்னார். ஆஸ்பத்திரி மரத்தடிகளில் நோயாளிகளின் சொந்தக்காரர்கள் அடுப்பு மூட்டிக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். சம்பா அரிசிக் கஞ்சியும் சிறுபயறும் தேங்காய்த் துவையலும் முன்பின் தெரியாத ஒரு குடும்பம் எனக்குப் பகிர்ந்து தந்தது. எங்கள் பக்கத்தில் இப்படிக் கொடுப்பதற்கு முன் நீங்கள் எந்த ஊர், யாருடைய மகள் என்று கேட்டு முடித்திருப்பார்கள். இங்கே சாப்பிட்டு முடித்த பிறகு கேட்டார்கள்.

மறுநாள் முட்டத்துக்கு. அக்கா வீடு அங்கே. அந்தப் பாதையில் ஓடுவது ஒரே முதலாளியின் ஒரே பஸ். ஆகவே அங்கே யாரும் என் பெட்டியை இழுக்கவில்லை. டிரைவர் குளித்து, கஞ்சி குடித்து, வெற்றிலை போட்டு முடிக்கும் வரை நாங்கள் வெயிலில் இருந்தோம். பஸ்ஸின் தரையில் காலிக் கடவங்களை அடுக்கிக்கொண்டு மீன் விற்றுத் திரும்பும் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கடவம் என்றால் பனையோலையில் முடைந்த பெரிய பெட்டி. அவர்களுக்கு ஆசனம் கிடையாது. கட்டணம் மட்டும் உண்டு.

பாதி வழியில் சக்கரம் மணலில் புதைந்தது. எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டியதாயிற்று. கடல் காற்று மணலை வாரி அடித்தது. நான் பெட்டியையும் குடையையும் குழந்தையையும் வைத்துக்கொண்டு தடுமாறுவதைப் பார்த்து ஒரு மீன்காரி கை நீட்டினாள்.

"பிள்ளையை இஞ்ச தா மக்கா. நீ போயி அந்தக் குடையக் காப்பாத்து."

ரோசம்மாள் என்று பெயர். நாற்பது வயதிருக்கும். காதில் பெரிய தங்க வளையம். பஸ்ஸைத் தூக்கி நிறுத்தும் வரை அவள் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, தன் இரண்டு உள்ளங்கைகளாலும் தயாவின் காதுகளை மூடியபடியே இருந்தாள். யாருக்கும் போகாத என் மகள் அவள் தோளில் தூங்கிவிட்டாள். நானோ, அந்தக் கையில் மீன் கழுவிய தண்ணீர் இருக்குமே, புண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போன உடனே வெந்நீரில் குழந்தையின் காதோரத்தைத் துடைத்தேன். இரண்டு தடவை துடைத்தேன்.

ரோசம்மாள்தான் அக்கா வீட்டுக்கு வாடிக்கையாக மீன் கொண்டுவருகிறவள் என்பது மறுநாள் காலையில் தெரிந்தது. கணவன் கொழும்புத் துறைமுகத்துக்குப் போனவன், தகவல் இல்லை. கரையில் மீன் வாங்கித் தலையில் சுமந்து உள்ளூர்களில் விற்று இவள்தான் வீட்டை ஓட்டுகிறாள். "எடீ செவிட்டுக் குட்டி, எழும்பினியா?" என்று தயாவைக் கூப்பிடுவாள். எனக்குச் சுருக்கென்றது, தயா கைகொட்டிச் சிரித்தது.

அத்தானுக்கு மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் மேற்பார்வை உத்தியோகம். அந்தக் கரையின் ஏலத்தைச் சங்கம் அப்போதுதான் தன் பொறுப்பில் எடுத்திருந்தது. கலங்கரை விளக்குக்குக் கீழே உள்ள பாறையில் குழந்தையை வைத்துக்கொண்டு நான் ஏலத்தைப் பார்த்தேன். கட்டுமரம் கரை ஏறியதும் மீனைக் குவியலாகக் கொட்டுவார்கள். ஏலம் கூறும் சூசை விலையைச் சொல்லிக் கத்துவார். பெரிய வியாபாரிகள் ஐந்தாறு பேர் சுற்றி நிற்பார்கள். இவர்கள் மீனை உப்பிட்டு உலர்த்திக் கொழும்புக்கு அனுப்புகிறவர்கள். அவர்களில் தலைமையானவர் ஒரு குடைக்காரர். அவர் குடையை விரித்தால் அந்தக் குவியல் அவருக்கு. மற்றவர்கள் அப்போது கடலைப் பார்ப்பார்கள். அடுத்த குவியலுக்கு வேறொருவர் தலைத்துண்டை அவிழ்ப்பார். குடைக்காரர் கடலைப் பார்ப்பார். யாரும் யாரோடும் போட்டி போடவில்லை. வெளிவட்டத்தில் மீன்காரிகள் ஓயாமல் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். கரை என்றால் இரைச்சல் இருக்கும்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று மதியம் மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கும் தேங்காய் அரைத்த அயிலை மீன் கறியும். எங்கள் வீட்டில் மீன் குழம்பு புளியில் கறுத்திருக்கும். இங்கே மஞ்சளாக, பாயசம் மாதிரி இருந்தது. நான் இரண்டாம் தடவை ஊற்றிக்கொள்ளும்போது அத்தான் கேட்டார்.

"பாத்தியா கிருபா, அவனுவளுக்க கூட்டை? உயிரைக் குடுத்துப் பிடிச்சிட்டு வாற மீன் சும்மா போவுது. நீ பொருளாதாரம் படிச்சவளாக்கும். இதுக்கு ஒரு வழி சொல்லு."

கலியாணம் ஆன பிறகு நான் படித்ததைப் பற்றி யாராவது கேட்டது அதுதான் முதல் தடவை. கையில் பிசைந்த கிழங்கு காய்ந்ததுகூடத் தெரியாமல் பேசினேன். எங்கள் பேராசிரியை சொல்வார்: எண்ணற்றவர்கள் போட்டியிடும் சந்தையும், ஒரே ஆள் ஆளும் சந்தையும் பாடத்தில்தான் சுத்தமாக இருக்கும், உலகத்துச் சந்தைகள் பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவில் கிடக்கின்றன, சீமையில் இப்போதுதான் அதைப் பற்றி எழுத ஆரம்பித்திருக்கிறார்கள். சிலர் மட்டுமே வாங்கும் இடத்தில் பேசி வைத்துக்கொள்வது சுலபம். பேசியதைக் காப்பாற்றுவதுதான் கஷ்டம். ஒவ்வொருவனுக்கும் ஒரு சக்கரம் கூட்டிக் கேட்டு மீனைத் தட்டிக்கொண்டு போக ஆசை இருக்கும். உரக்கக் கேட்டால் மற்றவர்களுக்குத் தெரிந்துவிடுமே என்ற பயம்தான் அவர்களைக் கட்டிவைத்திருக்கிறது.

"அப்போ உரக்கக் கேட்கவே கூடாது" என்றேன்.

அப்பாவோடு நான் சிறு வயதில் மாட்டுச் சந்தைக்குப் போயிருக்கிறேன். அங்கே தரகர் தன் கையையும் வாங்குகிறவர் கையையும் சேர்த்து மேலே ஒரு துண்டைப் போடுவார். உள்ளே விரலைப் பிடித்தால் அதுதான் விலை. பக்கத்தில் நிற்பவனுக்கு முகம் தெரியும், தொகை தெரியாது. அதையே இங்கேயும் செய்யலாம்: சூசை ஒவ்வொருவராகத் துண்டுக்குள் விலை வாங்கட்டும், கடைசியில் யாருக்கு மீன் என்பதை மட்டும் சொல்லட்டும், விலையைச் சொல்ல வேண்டாம். எவன் எவ்வளவு கூட்டினான் என்று தெரியாமல் ஒருவரையொருவர் சந்தேகப்பட்டே கூட்டு உடைந்துபோகும்.

அத்தான் பந்தியிலேயே எழுந்து நின்றுவிட்டார். "ஏட்டி ஞானம், ஒனக்க தங்கச்சிக்கு இன்னும் ரெண்டு துண்டு மீன் வையி!"

ஞாயிற்றுக்கிழமை கடலுக்கு யாரும் போகவில்லை. அத்தான் ஊர்ப் பெரியவர்களிடம் பேசி ஒப்புக்கொள்ள வைத்தார். திங்கட்கிழமை காலை பாறையில் நின்று பார்த்தேன். சூசை தோளில் புதுச் சிவப்புத் துண்டு. குடை விரிந்தது. பழக்கப்படி எல்லோரும் கடலைப் பார்த்தார்கள். ஆனால் துண்டு தங்களிடம் வந்தபோது ஒவ்வொருவர் கையும் உள்ளே போயிற்று. சூசை ஒரு இளம் வியாபாரியின் பெயரைச் சொன்னார். குடைக்காரர் குடையை மடக்கி மணலில் குத்தினார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை, தயாவை முத்தமிட்டேன். மீன் பிடித்தவர்களுக்கு அன்றும் மறுநாளும் பல மாதமாகக் காணாத விலை கிடைத்ததாக அத்தான் சொன்னார். ஏலம் முடியும் முன்பே மீன்காரிகள் காலிக் கடவங்களோடு மேலே ஏறிப் போவதை நான் பார்த்தேன். வேறு கரைக்குப் போகிறார்கள் போலும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

செவ்வாயன்று ரோசம்மாள் வரவில்லை. தயாவுக்கு உடம்பு சுட்டது; எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. கடல் காற்றில் கொண்டுவந்து வைத்தது என் தப்பு என்று அழுதேன். புதனும் வரவில்லை. அக்கா மீன் இல்லாமல் பருப்பு வைத்தாள். காய்ச்சல் விட்டுத் தயா வாசலைப் பார்த்து, "ஓசா, ஓசா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

வியாழனன்று வந்தாள். கடவத்தில் நெத்தோலி, கண் வெளுத்து, வயிறு வெடித்திருந்தது. அக்கா ஒன்றை எடுத்து முகர்ந்து கீழே போட்டாள்.

"என்னட்டீ இது, மீனா எருவா? விலையும் கூட்டிச் சொல்லுத!"

"குடைக்காரருக்க உப்புக் கொட்டகையில வாங்கினதாக்கும் அம்மா. அவிய கழிச்சுப் போட்டதுதான் எங்களுக்கு. கரையில வாங்க முடியல்லேலா."

"ஏன் முடியல்ல?" என்று நான் கேட்டேன்.

ரோசம்மாள் என்னைப் பார்த்தாள். நான் கேலி செய்கிறேனா என்று ஒரு கணம் அளந்தாள். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"துண்டு இட்டிருக்காவல்லா? அந்தச் சூசை எனக்க முன்னால வந்து நிண்ணு, 'ஏட்டி ரோசம்மா, கைய உள்ள விடுதியா?'ன்னு கேக்கான். கரை முழுக்கச் சிரிப்பு. 'ஒனக்க பெண்டாட்டிகிட்ட கேட்டுட்டு வாலே, விடுதேன்'னு சொல்லிட்டுக் கேறி வந்துட்டேன். பின்ன என்ன செய்யதுக்கு? ஆம்பளைக்க கையப் பிடிச்சு, மேல துணியயும் போட்டு, நான் நெத்தோலி வாங்கவா? எனக்க மாப்பிள கொழும்புல இருக்கான். நாளைக்கு எவனாவது போயி அவன்கிட்டச் சொன்னா?"

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் எத்தனையோ கைகளைப் பார்த்தவள் நான். அவற்றில் வளையல் போட்ட கை ஒன்றுகூட இல்லை. அது எனக்குத் தோன்றவில்லை. ஒரு பெண்ணாக இருந்தும் தோன்றவில்லை.

"முந்தி எப்படி வாங்குவீர்கள்?" என்றேன்.

"வாயாலதான். பெரிய குவியலை ஒருத்தி வாங்க ஏலாது. நாங்க ஏழெட்டுப் பேரு கூடிக் கேப்போம், கிட்டினா பங்கு வைப்போம். அவனுவ விலைய ரொம்பத் தாத்தினா நாங்க மேல கேறிக் கேப்போம். அந்த எரிச்சல்ல கொஞ்சம் கூட்டிக் குடுத்து எடுப்பானுவ."

வெள்ளிக்கிழமை குழந்தையை அக்காவிடம் விட்டுவிட்டு, பாறையில் நிற்காமல் கரைக்கே இறங்கிப் போனேன். வெளிவட்டம் காலியாக இருந்தது. கூச்சல் இல்லை. சூசை துண்டோடு வந்தார். குடைக்காரர் ஒருவர் மட்டும் கை நீட்டினார். மற்ற வியாபாரிகள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள். சந்தேகத்தை அவர்கள் சுலபமாகத் தீர்த்துக்கொண்டார்கள்: எல்லோருக்குமாக ஒருவரே வாங்குவது, கொட்டகையில் வைத்துப் பிரித்துக்கொள்வது. நீட்டாத கையை எல்லோரும் பார்க்கலாமே. அதற்குத் துண்டு தடையில்லை. மீன் பிடித்து வந்தவர் தன் விலையைக் கேட்டுவிட்டுச் சூசையின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பண்டு இதைக்காட்டிலும் கிட்டிச்சே" என்றார்.

"பண்டு பெண்ணுவ கெடந்து காறிக் கத்திச்சு. இப்பம் ஆரு காறுதா?" என்றார் சூசை.

விலை ஒரு மட்டத்துக்குக் கீழே போனால் யார் உள்ளே வருவார்கள் என்பதையும் சந்தையில் சேர்த்து எண்ண வேண்டும். எங்கள் பேராசிரியை இதை அழுத்திச் சொன்னார். நான் பரீட்சையில் அதை எழுதி நல்ல மார்க்கும் வாங்கினேன். இங்கே அப்படி வரக்கூடியவர்கள் என் கண் முன்னால் கடவத்தோடு நின்று கத்தினார்கள். அதை இரைச்சல் என்று ஒதுக்கினேன்.

அத்தானிடம் அன்றே சொன்னேன். வேறு ஒரு வழியும் அதற்குள் தோன்றியிருந்தது: முதலில் பெண்கள் வாயால் கேட்கட்டும், அந்த விலைக்கு மேலே கொடுக்கிறவர்கள் மட்டும் துண்டுக்குள் கேட்கட்டும். எதிரே ஒருவரும் இல்லை என்று குடைக்காரர் நினைக்க முடியாது. அத்தான் கெட்டவர் இல்லை. தலையைக் குனிந்துகொண்டே கேட்டார்.

"செவ்வாக்கெழமையே மேல சொல்லிட்டேன் கிருபா. விலை கூடிச்சுன்னு சொல்லிட்டேன். பெரிய ஆபீசர் இந்தத் துண்டைப் பாக்கத்தான் வாறாரு. மத்த கரையிலயும் இதையே போடணும்னு பேச்சு. இப்பம் போயி மாத்துனா எனக்க முகம் என்னவாவும்? அவரு வந்துட்டுப் போவட்டும்."

"அதுவரை ரோசம்மாள்?"

"பாப்போம்" என்றார்.

நான் ஊர் திரும்பிய பிறகு ஆபீசர் வந்தார், பார்த்தார், மெச்சினார் என்று அக்கா எழுதினாள். சிவப்புத் துண்டு இன்னும் அந்தக் கரையில்தான் இருக்கிறது. அத்தானை இன்னும் கொஞ்சம் நெருக்கியிருக்க வேண்டும். விருந்தாளியாக வந்த மைத்துனிக்கு அது அழகா என்று யோசித்தேன். அல்லது ஆரம்பத்திலேயே, எனக்குத் தெரியாது என்று கிழங்கைத் தின்றிருக்க வேண்டும். எது சரி என்று இப்போதும் எனக்குத் தெளிவாகவில்லை. நான் சும்மா இருந்திருந்தாலும் அந்தக் குடை விரிந்துகொண்டுதான் இருந்திருக்கும்.

மறுநாள் சனிக்கிழமை முட்டத்திலிருந்து புறப்பட்டோம். நெய்யூரில் டாக்டர் விளக்கை வைத்துப் பார்த்து, "காது நன்றாக ஆறிவிட்டது, இனிப் பயமில்லை" என்றார். அந்த வார்த்தைக்காக எத்தனை இரவு ஜெபித்திருக்கிறேன்! கேட்டபோது முழுதாகச் சந்தோஷப்பட முடியவில்லை.

நாகர்கோவில் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தபோது ஜன்னலுக்கு வெளியே ரோசம்மாளைக் கண்டேன். நெய்யூரில் விற்க வந்திருக்கிறாள். கடவம் பாதிக்கு மேல் நிறைந்திருந்தது; பழைய மீனை யார் வாங்குவார்கள்? தயா ஜன்னல் வழியே எட்டி அவள் மேல் விழப் பார்த்தது.

"செவிட்டுக் குட்டிக்குச் செவி கேக்குதா?"

"ஆறிவிட்டது ரோசம்மா" என்றேன். பிறகு, "அந்தத் துண்டு நான் சொன்ன யோசனை" என்றேன்.

"அறிவேன். ஒனக்க அத்தான் கரை முழுக்கப் பெருமையாப் பறைஞ்சாரே" என்றாள். அவள் முகத்தில் கோபம் தேடினேன்; இருந்ததா என்று சொல்லத் தெரியவில்லை. "கைய நீட்டு மக்கா" என்றாள்.

நீட்டினேன். என் முந்தானையை இழுத்து எங்கள் இரண்டு கைக்கும் மேலே போட்டாள். உப்பும் செதிலும் ஏறிய விரல்கள். என் மூன்று விரல்களைச் சேர்த்து அழுத்தினாள். விட்டாள். ஒரு விரலைத் தனியாகப் பிடித்து அழுத்தினாள்.

"இது என்ன?" என்றேன்.

"இன்னைக்குள்ள நெத்தோலிக்கு நான் கரையில கேட்டிருக்கக்கூடிய விலையாக்கும். ஆரும் கேக்கல்ல. நீயாவது கேளு."

பஸ் நகர்ந்தது. அவள் கடவத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு, "மீனு வேணுமா, மீனு!" என்று கூவிக்கொண்டே ஆஸ்பத்திரிப் பக்கம் போனாள்.

ஆரல்வாய்மொழியில் மறுபடியும் காற்று பிடித்தது. பெட்டியைத் திறந்து குல்லாயை எடுக்க நேரமில்லை. தயாவின் காதைக் கையால் மூடினேன். மூடிய பிறகுதான் அது ரோசம்மாள் பிடித்த கை என்று தெரிந்தது. மீன் வாடை இன்னும் போகவில்லை. கையை எடுக்கவில்லை. வீடு வரும் வரை அப்படியே வைத்திருந்தேன்.